விற்கக் கூடாத குழம்பு

1971 ஜூன் 12: அரிசி 9 கட்டி, தேங்காய் 14. காசு இல்லை.
1974 ஜூன் 12: அரிசி 13 கட்டி, தேங்காய் 22. காசு இல்லை.
1977 ஜூன் 12: அரிசி 16 கட்டி, தேங்காய் 31. காசு இல்லை.
1979 ஜூன் 12: அரிசி 4 கட்டி, தேங்காய் 2, மீ பாக்கெட் 17, மத்தி டின் 6. காசு இல்லை.
1984 ஜூன் 12: அரிசி 5 கிலோ, தேங்காய் 3, பிஸ்கட் டின் 1. காசு இல்லை.
1985 ஏப்ரல் 20: ஒரு கிண்ணம், 18 வெள்ளி 50 காசு.

இதில் கடைசி வரிதான் அல்போன்சம்மாளின் வயிற்றில் தீ வைத்தது. அதற்கு முந்தைய வரிகளில் இருப்பதெல்லாம் அவள் மடியேந்தி வாங்கியவை. கட்டி என்பது அந்த ஊரில் கிலோவுக்கு முந்திய நிறை அளவு, வெள்ளி அந்த ஊர்ப் பணம்.

1971 மே மாதம் அவள் மகன் அருளானந்தத்துக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. அவனுக்கு எட்டு வயது. அப்போது அவர்கள் தீவின் வடகோடியில், மார்சிலிங் கம்பத்தில், அந்தக் கிராமத்துத் தகரக் கூரை வீடு ஒன்றில் குடியிருந்தார்கள். புருஷன் சுவிசேஷமுத்து கப்பல் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் தினக்கூலி. பிள்ளை பெரிய ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அல்போன்சம்மாள் ஆஸ்பத்திரி மாடிப்படியிலேயே முழங்காலிட்டு அந்தோனியாரோடு பேரம் பேசினாள். பிரார்த்தனை என்று அதைச் சொல்ல முடியாது. பேரம்தான்.

"கோடி அற்புதரே, எங்கிட்டக் குடுக்க ஒண்ணும் இல்ல. கேட்டு வாங்கித்தான் ஒமக்குச் செய்ய முடியும். பிள்ளையக் குடும். என் உசுரு இருக்கிற வரைக்கும் ஒம்ம திருநாளுக்கு மடியேந்தி வாங்கி, ஒரு அண்டா ஆக்கி, பசிச்சவனுக்குக் குடுக்கிறேன். அதுல காசு படாது. காசு பட்டா நீரு குடுத்தத எடுத்துக்கும்."

நான்காம் நாள் பையன் தண்ணீர் கேட்டான்.

பேரத்தின் அந்தக் கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னோம் என்று அவள் பிறகு பலமுறை தன் வாயையே சபித்திருக்கிறாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். வேளாங்கண்ணிக்கு மடிப்பிச்சை எடுப்பவர்கள் உண்டு, முருகனுக்கு எடுப்பவர்களும் உண்டு. அவர்களெல்லாம் எதைப் பணயம் வைத்தார்களோ தெரியாது. அல்போன்சம்மாள் வைத்தது பிள்ளையின் உயிரை.

ஜூன் பதின்மூன்று அந்தோனியார் திருநாள். அதற்கு முதல் நாள் அவள் சேலை முந்தியை ஏந்திக்கொண்டு கம்பம் முழுக்கச் சுற்றுவாள். அருளானந்தம் சாக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவான். அது யாருக்காகச் செய்யும் நேர்ச்சையோ அவன்தான் சாக்குத் தூக்க வேண்டும், அவன்தான் அண்டாவை முதலில் கிண்ட வேண்டும். கம்பத்தில் யாரிடமும் கடைச்சாமான் அதிகம் இருந்ததில்லை. வாசலில் எது முளைத்ததோ அதைக் கொடுத்தார்கள். மரவள்ளிக் கொழுந்து, ஓடைக்கரையில் சுருண்டு நிற்கும் பாக்குக் கீரை என்னும் பெரணிக் கொழுந்து, மஞ்சள் இலை, மலாய்க்காரர்கள் புங்கா கந்தான் என்று சொல்லும் சிவந்த மொட்டு, ஜலசந்தியில் அரித்த கூனி இறால், தேங்காய். அத்தனையையும் ஒரே அண்டாவில் தேங்காய்ப்பால் விட்டுக் கொதிக்கவைத்தால் என்ன வருமோ அதுதான் அந்தக் குழம்பு. யாரும் யோசித்துச் செய்த குழம்பு அல்ல. கிடைத்ததைப் போட்டதில் தானாக அமைந்த ருசி.

அண்டா நூர்தீன் பாயுடையது. அவர் கம்பத்து முனையில் மளிகைக் கடை வைத்திருந்தார். முதல் வருஷமே அவர் சொல்லிவிட்டார்: "தங்கச்சி, ஒன் வீட்டு அண்டாவுல ஆக்கினா நாங்க சாப்பிட முடியாது. என் அண்டாவ எடுத்துக்க. பன்னி படாத அண்டா. ஊரே சாப்பிடட்டும்." ஊரே சாப்பிட்டது. கம்பத்து மலாய்க்காரர்கள் அதற்கு 'குலாய் அந்தோனி', அந்தோனிக் குழம்பு என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

1978-இல் கம்பம் போயிற்று. எல்லாரும் மார்சிலிங்கிலும் உட்லண்ட்ஸிலும் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். அல்போன்சம்மாள் விடவில்லை. லிஃப்டில் ஏறி, காரிடார் காரிடாராக மடியேந்தினாள். கீரை கேட்டால் மீ என்கிற நூடுல்ஸ் பாக்கெட் கிடைத்தது. தேங்காய் கேட்டால் மத்தி டின். பாதிக் கதவுகள் திறக்கவில்லை. திறந்தவர்களில் சிலர் பத்துக் காசை நீட்டினார்கள். அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "காசு வேணாங்க, வீட்டுல இருக்கிறது எதாச்சும்" என்பாள். காசு வேண்டாம் என்கிற பிச்சைக்காரியைப் பார்த்து அவர்கள் இன்னும் பயந்தார்கள். கீரைக்காக அவள் ரயில் பாதை ஓரத்துப் புதர்களுக்குப் போனாள். கிடைத்த மீயையும் மத்தியையும் அப்படியே பசித்த வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, குழம்பை மட்டும் பழையபடி ஆக்கினாள். அடுப்பு தேவாலயத்தின் பின்கட்டில். அண்டா அதே நூர்தீன் பாய் அண்டா.

சாக்குத் தூக்கி வந்த அருளானந்தத்துக்கு அப்போது பதினாறு வயது. அவன் முகத்தை அவள் திரும்பிப் பார்த்ததில்லை. மடி நிறைகிறதா என்றுதான் பார்த்தாள்.

கட்டாயப் பட்டாளச் சேவை முடிந்து 1984-இல் அவன் நகரத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் சமையற்கட்டு உதவியாளாகச் சேர்ந்தான். ஹோட்டல் செலாட் என்று பெயர். அங்கே 'தானா', மலாயில் மண், என்று புதிதாக ஓர் உயர்தர உணவகம் திறக்கப்போகிறார்கள், இந்த மண்ணில் விளைந்ததை மட்டும் வைத்து சமைக்கப்போகிறார்கள் என்று வீட்டில் சொன்னான். மண் எல்லாவற்றையும் தார் ஊற்றி மூடியாகிவிட்டதே, எங்கே விளைகிறதாம் என்று அல்போன்சம்மாள் கேட்டாள். தினமும் விடிவதற்குள் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி லாரியில் வருகிறது என்றான் மகன். சுவிசேஷமுத்து விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த ஏப்ரலில் ஒரு நாள் மகன் வந்து சொன்னான்: "சனிக்கிழமை ரெண்டு பேரும் எங்க ரெஸ்டாரன்ட்டுக்கு வர்றீங்க. டேபிள் போட்டாச்சு. காசு எல்லாம் நான் கட்டிட்டேன். கேள்வி கேக்காதீங்க, சும்மா வாங்க லா."

அல்போன்சம்மாள் மயில்கழுத்து நிறப் பட்டைக் கட்டிக்கொண்டாள். சுவிசேஷமுத்து கல்யாணத்துக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டார். உட்லண்ட்ஸில் பஸ் ஏறி ஒன்றரை மணி நேரம் கழித்து அந்தக் குளிரூட்டிய கூடத்தில் போய் உட்கார்ந்தார்கள். மேசைக்கு மேசை ஒரு மெழுகுவர்த்தி. சுவரில் வாழையிலையையும் பாயையும் மாட்டி வைத்திருந்தார்கள். ஒரு மூலையில் ஆட்டுக்கல். அதன்மேல் யாரும் மாவாட்டியதாகத் தெரியவில்லை, பூ வைத்திருந்தார்கள்.

உணவுப் பட்டியல் அட்டையைக் கொண்டுவந்து வைத்தார்கள். அல்போன்சம்மாளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. சுவிசேஷமுத்து கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து எழுத்துக் கூட்டினார்.

"மீன்... வாழப்பூ... ஏய் அல்போன்சா, இங்க பாரு. குலாய் அந்தோனி. பதினெட்டு வெள்ளி அம்பது காசு."

"என்ன சொன்னீங்க? திரும்பப் படிங்க."

"குலாய் அந்தோனி. நம்ம குழம்புதான்டி! பய வாயே தொறக்கல பாரு!" அவர் முகமெல்லாம் பல்.

அவள் அட்டையைத் தன் பக்கம் இழுத்தாள். அதற்குள் கிண்ணம் வந்துவிட்டது. கொண்டுவந்த சீனப் பெண் கையைக் கட்டிக்கொண்டு மனப்பாடம் ஒப்பித்தாள். இது ஒரு கம்பத்துத் தாய் காட்டில் தேடிப் பறித்த இலைகளால் தன் மகனுக்குச் சமைத்த ரகசியக் குழம்பு என்பதாக அதன் சாரம். சுவிசேஷமுத்து தமிழில் எடுத்துச் சொன்னார். அல்போன்சம்மாள் கிண்ணத்தைப் பார்த்தாள். மூன்று கரண்டிக்கு மேல் தேறாது. பாக்குக் கீரையை எண்ணெய் வைத்து வாரின தலைமயிர் மாதிரி ஒரு பக்கமாக அடுக்கியிருந்தார்கள்.

"தொடாதீங்க" என்று அவள் சொல்வதற்குள் புருஷன் இரண்டு கரண்டி விழுங்கிவிட்டார்.

"உப்பு ஒரு கல்லு கம்மி. மத்தபடி ஒன் கைப் பக்குவம்தான்."

"துப்புங்க."

"என்னாது?"

"துப்புங்கன்னேன். அது விலைக்கு வந்தது."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அவனுக்கு ஞாபகம் இருந்திருக்காதுடி. சின்னப் பையன்."

"இருபத்திரண்டு வயசு சின்னப் பையன்!"

கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். இன்னும் மூன்று மேசைகளில் அதே வெள்ளைக் கிண்ணம். மூன்று பதினெட்டரை வெள்ளி. அவள் கண்ணுக்கு அது குழம்பாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் மூடிக் கிடந்த எட்டு வயதுப் பிள்ளையை மூன்று கூறாக வெட்டி மூன்று மேசையில் வைத்திருந்தது போலத் தெரிந்தது. விற்றதை எப்படி விற்காததாக ஆக்குவது? அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். விலைக்கு வாங்கியவன் தன் கையாலேயே தானமாகக் கொடுத்துவிட்டால் அது மறுபடியும் பிச்சையாகிவிடும்.

எழுந்தாள். பட்டு முந்தியை விரித்து இரண்டு கையாலும் ஏந்தினாள்.

"ஏய், உக்காரு, என்ன பண்ற நீ..." என்று சுவிசேஷமுத்து முந்தியைப் பிடிக்கப் போனார். அவள் அதற்குள் முதல் மேசைக்குப் போய்விட்டாள்.

அங்கே மூன்று வெள்ளைக்காரர்கள். "ஐயா, மடிப்பிச்சை. இத எனக்குக் குடுத்துடுங்க" என்று கிண்ணத்தைக் கண்ணால் காட்டினாள். இதுவும் சாப்பாட்டோடு சேர்ந்த நாடகம் என்று நினைத்து அவர்கள் கை தட்டினார்கள். ஒருவர் ரொட்டித் துண்டை மடியில் போட்டார். இன்னொருவர் பத்து வெள்ளி நோட்டைப் போட்டார். அல்போன்சம்மாள் அந்த நோட்டை இரண்டு விரலால் எடுத்து, அவருடைய தண்ணீர்க் கிளாசுக்குள் விட்டாள். சிரிப்பு நின்றது. அவள் மறுபடியும் கிண்ணத்தைக் காட்டினாள். மூன்றாமவர் ஒன்றும் புரியாமல், பயந்துபோய், கிண்ணத்தைத் தூக்கி மடியில் வைத்தார்.

இரண்டாவது மேசையில் ஒரு சீனக் குடும்பம். பெரியவர் கையை உதறி, மேனேஜரைக் கூப்பிட்டார். அவர் மருமகள் சத்தமில்லாமல் தன் கிண்ணத்தை மடிக்குள் நகர்த்திவிட்டாள்.

மூன்றாவது மேசையில் தமிழர்கள், புருஷன், பெண்டாட்டி. அந்த அம்மாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"எந்தக் கோயிலுக்குங்க?"

"அந்தோனியாருக்கு."

"எங்கம்மா தைப்பூசத்துக்கு எடுத்தாங்க. இந்தாங்க."

"சுந்தரி, உக்காரு" என்று புருஷன் பல்லைக் கடித்தார். "எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். கேட்டுட்டாங்கல்ல." இரண்டு கையாலும் கிண்ணத்தை எடுத்து வைத்தாள்.

மஞ்சள் குழம்பு பட்டில் வழிந்து முழங்கால் வரை இறங்கியது. மேனேஜர் ஓடிவந்து, கிண்ணங்கள் ஹோட்டல் சொத்து, அவற்றைக் கீழே வைக்க வேண்டும் என்றார். சமையற்கட்டுக் கதவு திறந்தது. வெள்ளைத் தொப்பியோடு அருளானந்தம் நின்றான்.

"யார் இது?" என்று மேனேஜர் அவனைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டார்.

அவன் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தான் என்பதை அல்போன்சம்மாள் மறக்கவே இல்லை.

"என் அம்மா" என்றான்.

அவள் முழங்கையைப் பிடித்துச் சமையற்கட்டு வழியாகப் பின்பக்கம் கொண்டுபோனான். சாமான் இறக்கும் இடம். ஐஸ் உருகி வடியும் மீன் பெட்டிகள். பாத்திரம் கழுவும் மாணிக்கம் என்பவர் ஒரு கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அல்போன்சம்மாள் மூன்று கிண்ணத்தையும் அவர் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, சாப்புடுங்க."

மாணிக்கம் அருளானந்தத்தைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். "இதத் தொட்டா எங்க சீட்டக் கிழிச்சிடுவாங்கம்மா."

"நான் குடுக்கிறேன், சாப்புடுங்க. வாங்கினது இல்ல. கேட்டு வாங்கினது."

அவர் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் அவள் மகன் பக்கம் திரும்பினாள். அவன் முந்திக்கொண்டான்.

"என்னமா பண்ணிட்டீங்க? எத்தன பேர் முன்னாடி! எனக்குன்னு தனி அடுப்பு, ஸ்டேஷன் குடுத்து ஒரு மாசம் ஆகல!"

"எதுக்குக் குடுத்தான் ஸ்டேஷன்? என் குழம்ப வித்ததுக்கா?"

"ஒங்க குழம்பு இல்லமா. என் கையால செஞ்சேன். லாரில வந்த கீரை, ஹோட்டல் தேங்கா. செஃப் எல்லாரையும் கேட்டாரு, 'ஒங்க வீட்டுல சாப்புடுறத செஞ்சு காட்டுங்க'ன்னு. நான் செஞ்சேன். அவரு கரண்டிய நக்கினாரு. பெரிய பெரிய ஹோட்டல்ல வேலை பாத்த மனுசன், மா!"

"எங்கேருந்துடா கத்துக்கிட்ட?"

"பாத்துக் கத்துக்கிட்டேன்."

"சாக்குத் தூக்கினப்போ பாத்தது. பாயி தேங்கா போட்டப்போ பாத்தது. அவங்கல்லாம் எனக்கா குடுத்தாங்க? எங்கையில குடுத்தா பசிச்சவனுக்குப் போகும்னு குடுத்தாங்க. நீ எவனக் கேட்டு வித்த?"

"சாக்குத் தூக்கினேன்!" அவன் குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. "ஆமா, தூக்கினேன். பதினாறு வயசுல, ஜேம்ஸ் லிம் வீட்டுக் கதவத் தட்டினீங்களே, ஞாபகம் இருக்கா? என் கிளாஸ்மேட். அவங்கம்மா என்னப் பாத்து 'புவர் திங்'னு சொல்லி ரெண்டு மீ பாக்கெட் போட்டாங்க. மறுநாள் கிளாஸ்ல என் மேசையில ஒரு மீ பாக்கெட் இருந்துச்சு. அதுக்கு மறுநாளும். அந்த வருசம் முழுக்க, மா. நான் ஒங்ககிட்ட சொன்னேனா? இன்னைக்கு அதே குழம்புக்கு மனுசன் ஃபோன் போட்டு இடம் பிடிச்சு, டை கட்டிட்டு வந்து காசு குடுக்கிறான். ஒங்கள மேல தூக்கி வைக்கணும்னுதான் கூப்பிட்டேன். அங்கயும் வந்து மடியத் தூக்கிட்டு நிக்கிறீங்க!"

அல்போன்சம்மாளுக்கு அந்த மீ பாக்கெட் சங்கதி தெரியாது. அது அவளைக் குத்தியது. ஆனால் கோபம் இறங்கவில்லை. குத்தினதாலேயே இன்னும் ஏறியது.

"ஒன்ன என்ன சொல்லி வாங்கினேன் தெரியுமாடா? காசு படாதுன்னு சொல்லி வாங்கினேன். பட்டா எடுத்துக்கன்னு என் வாயாலயே சொல்லியிருக்கேன். நாளைக்கு அவரு வந்து பையனத் திருப்பிக் குடுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"அந்தோனியாரு பதினெட்டு வெள்ளிக்கெல்லாம் கணக்குப் பாக்க மாட்டாருமா."

"அவரு பாக்க மாட்டாரு. நான் பாப்பேன். நிறுத்தச் சொல்லு."

"முடியாது."

"அப்ப நீ வீட்டுக்கு வராத."

அவன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துவிட்டு, உள்ளே போய்விட்டான். மாணிக்கம் மூன்றாவது கிண்ணத்தை வழித்துக்கொண்டே, "நல்லா இருக்குமா" என்றார்.

அருளானந்தம் வீட்டுக்கு வரவில்லை. பூன் லேயில் ஒரு கூட்டாளியோடு அறை எடுத்துத் தங்கினான். அல்போன்சம்மாள் அவனைக் கூப்பிடவில்லை. ஆனால் தினமும் வேலைக்குப் போகுமுன் சுவிசேஷமுத்துவைப் பொதுத் தொலைபேசிக்கு அனுப்பி, பையன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டு வரச் சொல்வாள். "இருக்கானாம், கோவமா இருக்கானாம்" என்று அவர் வந்து சொல்வார். "கோவம் இருக்கட்டும்" என்பாள்.

அவன் கோபத்துக்கு மே மாதம் வேறு காரணம் கிடைத்தது. அந்தச் சனிக்கிழமை நடந்ததை ஹோட்டல்காரர்கள் மறக்கவில்லை, ரசித்துவிட்டார்கள். புது அட்டை அடித்தார்கள். குலாய் அந்தோனிக்குப் பக்கத்தில் ஒரு படம். சேலை முந்தியை ஏந்தி நிற்கும் ஒரு பெண். கீழே, ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு தாயின் ஆசி என்று ஒரு வரி. கிண்ணத்தின் விலை இருபத்திரண்டு வெள்ளியாக ஏறியிருந்தது. மேனேஜர் அவனைக் கூப்பிட்டு, உன் தாயார் சனிக்கிழமைதோறும் வந்து அன்று செய்தது போலவே செய்ய முடியுமா, சேலையும் கூலியும் நாங்கள் தருகிறோம் என்று கேட்டார்.

அருளானந்தம் படத்தை எடுக்கச் சொன்னான். அழகாக இருக்கிறதே என்றார் செஃப். குழம்பையே எடுக்கச் சொன்னான். அது ஹோட்டலுடையது, வேலை நேரத்தில் நீ செய்து காட்டியது என்றார் மேனேஜர். அவன் தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டான். வீட்டுக்குச் சொல்லவில்லை.

ஜூன் பன்னிரண்டு வந்தது. அல்போன்சம்மாள் மார்சிலிங் அடுக்குமாடி புளோக்குகளை முடித்தாள், உட்லண்ட்ஸை முடித்தாள். பிறகு பஸ் மாறி மாறிப் பூன் லேக்குப் போனாள். தெரிந்த வீடு எதையும் விட்டுவைக்கக் கூடாது என்பது அவள் வைத்துக்கொண்ட முறை. மகன் வீடு என்பதற்காக விட முடியாது. ஏழாவது மாடி. கதவைத் தட்டினாள். அவன் திறந்தான். தாடி வளர்ந்திருந்தது.

அவள் முந்தியை ஏந்தினாள்.

அவன் உள்ளே போய் அந்த அட்டையை எடுத்துவந்து நீட்டினான். "பாத்தீங்களா? ஒங்க மடிய அச்சடிச்சு விக்கிறான். போதுமா? இதுக்குத்தான வேலைய விட்டுட்டு ஒக்காந்திருக்கேன்."

அவள் படத்தைப் பார்த்தாள். முகம் தன்னுடையது அல்ல. எவளோ ஒரு அழகி. மடி மட்டும் தன்னுடையது. ஆனால் கையை இறக்கவில்லை.

"மொதல்ல போடு. அப்புறம் பேசலாம்."

அவன் அரிசி டின்னைத் தூக்கி வந்தான்.

"இது எந்தக் காசுல வாங்கினது?"

"சம்பளத்துல. போன மாசம்."

"அந்தச் சம்பளமா? வேணாம்."

"அம்மா!"

"வேணாம்னா வேணாம். வேற இருந்தாப் போடு. இல்லன்னா இல்லன்னு சொல்லு, அடுத்த வீட்டுக்குப் போறேன்."

அந்த அறையில் இருந்ததெல்லாம் அந்தச் சம்பளத்தில் வாங்கியதுதான். உப்பு, முட்டை, காப்பித்தூள், எல்லாம். அவன் டின்னைத் தரையில் வைத்தான். வைத்தது அல்ல, போட்டான் என்றே சொல்ல வேண்டும். மூடி காரிடார் முழுக்க உருண்டது. பிறகு செருப்புக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுக் கதவுக்குப் போய் ஓங்கித் தட்டினான். ஒரு சீனப் பெண் கம்பிக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, வீட்டுல எதாச்சும் சாப்பாட்டுச் சாமான் இருந்தா குடுங்க" என்று மலாயில் கேட்டான். "காசு வேணாம். பிச்சைதான் கேக்கிறேன்." பிச்சை என்ற சொல்லை அவன் அந்தப் பெண்ணிடம் சொன்ன மாதிரி இல்லை, தாயின் முகத்தில் எறிந்த மாதிரி இருந்தது. அந்தப் பெண் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனாள். இரண்டு சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு வந்தாள்.

அவன் அவற்றைக் கொண்டுவந்து மடியில் போட்டான்.

"இப்ப சரியா?"

"சரி" என்றாள் அல்போன்சம்மாள். "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அடுப்பு. கிண்ட வந்துடு."

லிஃப்டுக்குப் போகும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் மண்டியிட்டு, சிதறின அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். கிழங்கு அந்தக் குழம்பில் அதுவரை விழுந்ததில்லை. அந்த வருஷம் விழுந்தது. நூர்தீன் பாய் சாப்பிட்டுவிட்டு, "என்னம்மா, இனிக்குது?" என்றார். அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை.

ஆனால் நகரத்தில் அந்தக் கிண்ணம் விற்றுக்கொண்டுதான் இருந்தது. விற்கும் ஒவ்வொரு நாளும் அல்போன்சம்மாளுக்குப் பிள்ளையின் உயிர் அடகில் இருந்தது. கடிதம் எழுதச் சொன்னாள். வீட்டுக்குத் திரும்பி வந்திருந்த அருளானந்தம் சமையல் மேசையில் உட்கார்ந்து எழுதினான். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்.

"ஒங்க சமையக்கட்டுல புழுப் பிடிக்கன்னு எழுது."

"அத எழுத முடியாதுமா."

"ஏன், இங்கிலீஷ்ல புழு இல்லையா?"

"இருக்கு. எழுத மாட்டேன்."

புழு இல்லாமலே கடிதம் போயிற்று. ஜூலையில் பதில் வந்தது. அந்த உணவு ஹோட்டல் ஊழியரால் பணி நேரத்தில் உருவாக்கப்பட்டது, ஆகவே ஹோட்டலுக்கு உரியது, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று இருந்தது. இரண்டாவது கடிதம் எழுதினார்கள். இதை விற்கமாட்டோம் என்று கடவுளிடம் சொல்லியிருக்கிறோம், படத்தையாவது எடுங்கள், பெயரையாவது எடுங்கள் என்று. செப்டம்பரில் பதிலோடு இருவர் தேநீர் அருந்த ஒரு இலவசச் சீட்டு வந்தது. அல்போன்சம்மாள் அதை நாலாகக் கிழித்து, திரும்ப அதே உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பச் சொன்னாள். அனுப்பினார்கள். மூன்றாவது கடிதமும் கூடவே போயிற்று. இந்த முறை புழு இருந்தது. அருளானந்தமே எழுதினான், அவள் கேட்காமலே.

அந்த வருஷம் ஊரெங்கும் தொழில் படுத்துவிட்டது. கப்பல் பட்டறையில் ஆட்களைக் குறைத்தார்கள். சுவிசேஷமுத்து தப்பியது பெரிய காரியம். அருளானந்தம் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமைக்கப் போனான்.

நவம்பர் கடைசியில் பதில் வந்தது. அவன் நின்றபடியே படித்தான். படித்துவிட்டு மடித்தான்.

"என்னடா?"

"மூடிட்டாங்கமா. தானாவ மூடிட்டாங்க. அடுத்த மாசத்துலேருந்து அங்க மாட்டிறைச்சி விக்கிற ஸ்டேக் ஹவுஸாம்."

"குழம்பு?"

"இல்ல. அட்டையெல்லாம் எடுத்தாச்சாம்."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "நாம சொன்னதாலயா?"

"அதப் பத்தி ஒரு வார்த்தையும் இல்ல. எதிர்பார்த்த அளவு விக்கலயாம். அதனால நீங்க எழுப்பின விசயம் இனிமே பொருந்தாதுன்னு போட்டிருக்கான்."

சுவிசேஷமுத்து சிலுவை போட்டுக்கொண்டார். "எப்படியோ நின்னுச்சே. விடு."

"எப்படி விடுறது?" அவள் கத்தினாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "விக்கலன்னு நிறுத்தினானாம்! வித்திருந்தா? வித்திருந்தா இன்னும் பத்து வருசம் வித்திருப்பான்! தப்புன்னு ஒருத்தன் வாயிலேருந்து வரல. எழுதுடா."

"யாருக்குமா? அங்க யாரும் இல்ல."

"யாராச்சும் இருப்பான். எழுது."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதினான். அவள் சொன்னதையெல்லாம், ஒன்று விடாமல். அதற்குப் பதில் வரவில்லை. அதன் பிறகும் இருமுறை எழுதினார்கள், அவற்றுக்கும் வரவில்லை. ஹோட்டலிலிருந்து வந்த கடைசிக் கடிதம், விற்கவில்லை என்று சொன்ன அந்தக் கடிதம்தான். அது வந்தது 1985 நவம்பர் 28, வியாழக்கிழமை.